மீள்கடன்: கைவினை நூல்களும் விடுபட்ட பெயர்களும்

இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டு சார்ல்ஸ் லோமாக்ஸ் எழுதிய ஒரு நூல் வெளிவந்தது. 'குவெயின்ட் ஓல்ட் இங்கிலிஷ் பாட்டரி' என்பது அதன் பெயர். பழைய ஆங்கில நாட்டுப்புற மட்பாண்டங்களைப் படங்களுடன் விளக்கும் நூல் அது. அதன் படி ஒன்று 1910களின் முற்பகுதியில் ஜப்பானில் தொமிமோதோ கென்கிச்சி என்னும் இளங்கலைஞரின் கைக்கு வந்தது. அதை அவர் தம் நண்பர் பெர்னார்டு லீச்சுடன் சேர்ந்து பார்த்தார். லீச் ஆங்கிலேயர். எனினும் தம் நாட்டுக் குயவர்கள் பதினேழாம் நூற்றாண்டில் செய்த தட்டுகளின் அழகு அவருக்குப் புலப்பட்டது ஜப்பானில், ஒரு ஜப்பானியர் வாங்கிய நூலின் பக்கங்களில்தான்.

நவீன மட்பாண்டக் கலையின் வரலாற்றில் இந்நிகழ்ச்சி இனிமையான தற்செயலாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அயல்நாட்டில் வாழும் ஒருவர் கைவினை நூல் ஒன்றைப் புரட்டுகிறார். அதிலுள்ள படம் அவருடைய படைப்புக்கு வழிதிறக்கிறது. இந்திய வடிவமைப்புக் கல்லூரிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆண்டுதோறும் அயல்நாடு செல்லும் மாணவர் பலருக்கும் இது பழகிய அனுபவமே. அந்த ஊக்கம் மெய்யானது. அதை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் ஒரு கைப்பொருள் நூலாகி, நாடுகடந்து, மீண்டும் கைப்பொருளாகும் அந்தப் பயணத்தில் எது வந்து சேர்கிறது, எது வழியில் உதிர்கிறது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. ஆய்வுலகம் எழுப்பியிருக்க வேண்டிய வினா அது.

லீச் 1887இல் ஹாங்காங்கில் பிறந்தவர். 1909இல் செப்புத்தகட்டு ஓவியம் கற்பிக்கும் நோக்குடன் ஜப்பானுக்குச் சென்றார். 1911இல் நண்பர்கள் கூடிய ஒரு விருந்தில் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் சுடப்படாத பாண்டம் ஒன்றைக் கொடுத்து அதில் வரையச் சொன்னார்கள். வரைந்த பாண்டங்கள் சற்று நேரத்திலேயே அங்கிருந்த சிறு சூளையில் சுடப்பட்டு வெளிவந்தன. ராக்கு என்னும் முறை அது. அன்று முதல் மண்ணே தம் தொழில் என்று லீச் முடிவு செய்தார். ஆறாம் கென்ஸான் என்னும் பட்டம் தாங்கிய முதிய குயவரிடம் அவர் மாணவரானார். தொமிமோதோவும் அவருக்குத் துணைநின்றார். தொமிமோதோவோ அதற்கு முன்பே இலண்டனில் தங்கிப் பயின்றவர். விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பொருள்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். வில்லியம் மாரிஸின் கைவினைக் கொள்கையில் ஈடுபட்டவர். ஆக, இலண்டனில் வாழ்ந்த ஜப்பானியரும் ஜப்பானில் வாழ்ந்த ஆங்கிலேயரும் ஒரே நூலைச் சேர்ந்து படித்திருக்கிறார்கள். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் நாடு துலக்கமாகத் தெரிந்தது. அந்தத் துலக்கத்தின் வழியே தத்தம் நாடும் தெரியத் தொடங்கியது.

மொழியியல் பயின்றவர்களுக்கு இந்த நிகழ்வு புதிதன்று. தாய்மொழியின் இலக்கணம் அதைப் பேசுவோருக்குத் தெரிவதில்லை. வேற்றுமொழி ஒன்றைக் கற்கப் புகும்போதுதான் தன் மொழியில் வினைமுற்று ஏன் இறுதியில் நிற்கிறது என்பது கேள்வியாகிறது. கைப்பொருளுக்கும் இது பொருந்தும். ஊரில் தண்ணீர் மொண்ட குடம் பயன்பாட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. அயல்நாட்டு அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் அதே குடம் வடிவமாகத் தெரிகிறது. கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே தொலைவு இடைவெளியை உண்டாக்குகிறது. கைவினை நூல் அந்த இடைவெளியைக் கையில் எடுத்துச் செல்லத்தக்கதாக்குகிறது.

இத்தகைய பயணத்துக்கு மொழியில் ஒரு நிகர் உண்டு. மரங்களைக் கட்டி அமைத்த மிதவையைத் தமிழ் மீனவர் கட்டுமரம் என்றனர். அச்சொல் ஆங்கிலத்துக்குச் சென்று கேட்டமரான் ஆயிற்று. நாளடைவில் இரட்டை உடல் கொண்ட படகுக்குப் பெயராயிற்று. இன்று சுற்றுலா விளம்பரங்களில் 'கேட்டமரான் சவாரி' என்று அது தமிழுக்கே திரும்பி வந்திருக்கிறது. இதை மீள்கடன் எனலாம். திரும்பி வந்த சொல்லின் ஒலியும் வேறு, பொருளும் வேறு. கட்டியவர் கைகளை நினைவூட்டிய 'கட்டு' என்னும் பகுதி அதில் எவர் காதிலும் விழுவதில்லை. லீச் ஜப்பானிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற ஆங்கிலப் பாண்டமரபும் இதுபோன்ற மீள்கடனே.

அந்த மரபு ஸ்லிப்வேர் எனப்படுகிறது. களிமண்ணை நீரில் கரைத்துக் கூழாக்கி, நிறம் வேறுபட்ட அக்கூழைத் தட்டின் ஈரப்பரப்பின் மேல் ஜிலேபி பிழிவது போல மெல்லிய தாரையாக ஓடவிட்டுக் கோலம் வரைவார்கள். லீச் 1920இல் ஹமாதா ஷோஜியுடன் இங்கிலாந்து திரும்பி, கார்ன்வால் பகுதியின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை அமைத்தார். நூலில் கண்ட பாண்டங்களைச் செய்து பார்க்க இருவரும் முயன்றனர். படத்தில் கோலம் இருந்தது. கோலத்தை இட்ட வேலையின் வரிசைமுறை இல்லை. எந்தக் கூழ் முதலில், எந்த ஈரத்தில், கூரிய முனையை எப்போது இழுப்பது என்பவற்றைப் படம் சொல்லவில்லை. ஒருநாள் தேநீர் வேளையில் ரொட்டியின் மேல் பாலாடையும் பழப்பாகும் கலந்து ஓடிய கோலத்தைக் கண்டபோதுதான் அந்தச் செய்முறை பிடிபட்டது என்று லீச் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இந்தச் செய்தி நகைச்சுவையாகச் சொல்லப்படுவதுண்டு. அதன் மறுபக்கம் சற்றுக் கடுமையானது. ஆங்கிலக் குயவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவழிக் கைமாற்றி வந்த ஓர் அறிவு, இரண்டு திறமையான கலைஞர்களால் தேநீர் மேசையில் மறுபடியும் கண்டுபிடிக்கப்பட வேண்டியதாயிற்று. பொருளைப் பாதுகாத்த நூல் செயலைப் பாதுகாக்கவில்லை. படநூலின் முதல் இழப்பு இதுதான்.

இரண்டாவது இழப்பு பெயர். இங்கே கதை எதிர்பாராத வகையில் திரும்புகிறது. அவ்வகைப் பாண்டங்களில் மிகப் புகழ்பெற்றவை ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியின் பெருந்தட்டுகள். அவற்றின் அகன்ற விளிம்பில் 'தாமஸ் டாஃப்ட்' என்று கொட்டை எழுத்துகளில் களிமண் கூழாலேயே எழுதப்பட்டிருக்கும். ரால்ஃப் டாஃப்ட் என்னும் பெயர் தாங்கிய தட்டுகளும் உண்டு. நாட்டுப்புறக் கைவினைஞர் தம்மை வெளிப்படுத்திக்கொள்வதில்லை, பெயரில்லாமையே அவர்தம் இயல்பு என்னும் கருத்துக்கு இதைவிட வெளிப்படையான மறுப்பு தேவையில்லை. வாழ்த்தும் அரசர் உருவமும் இடம்பெறும் தட்டில் தம் பெயருக்கும் இடம் உண்டு என்று அக்குயவர் கருதியிருக்கிறார்.

ஆயினும் அத்தட்டுகளால் ஊக்கம் பெற்ற அதே நண்பர் வட்டத்திலிருந்துதான் 'அறியப்படாத கைவினைஞர்' என்னும் கோட்பாடு எழுந்தது. யனாகி சொயெத்சு அவ்வட்டத்தின் சிந்தனையாளர். 1925இல் அவரும் ஹமாதாவும் கவாய் கன்ஜிரோவும் மக்கள் கலை என்னும் பொருளில் 'மிங்கேய்' என்னும் சொல்லை உருவாக்கினர். 1936இல் தோக்கியோவில் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. யனாகியின் கட்டுரைகளை லீச் ஆங்கிலத்தில் தழுவித் தொகுத்த 'தி அன்நோன் கிராஃப்ட்ஸ்மேன்' 1972இல் வெளிவந்தது. உலகெங்கும் வடிவமைப்பு மாணவர் படிக்கும் நூல்களுள் ஒன்றாயிற்று. பெயர் தேடாத எளிய மனிதர் அன்றாடப் பயன்பாட்டுக்காகத் திரும்பத் திரும்பச் செய்யும் பொருளில் தன்முனைப்பு அழிந்து அழகு பிறக்கிறது என்பது அக்கோட்பாட்டின் சாரம். தன்னைப் பறைசாற்றும் கலைக்கு எதிரான குரல் என்னும் வகையில் அதற்கு இன்றும் மதிப்புண்டு. கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில் கொரியக் கைவினைகளுக்காக யனாகி பரிந்து பேசினார். 1924இல் சியோலில் அவற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் அமைக்கவும் முன்னின்றார். இந்த நேர்மையை மறுப்பதற்கில்லை.

ஆனால் 'அறியப்படாத' என்னும் பெயரடை எவருடைய நிலையைக் குறிக்கிறது? அது கைவினைஞரின் பண்பைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. உண்மையில் எழுதியவரின் அறியாமையைச் சொல்கிறது. அந்தக் குயவர் தம் ஊருக்கு அறியப்படாதவர் அல்லர். அவர் பாண்டத்தை வாங்கியவர்களுக்கு அவர் பெயர் தெரியும், தெரு தெரியும், எந்தச் சூளையின் பானை விரிசல் விடாது என்பதும் தெரியும். பெயர் அழிந்தது பொருள் சந்தையிலிருந்து சேகரிப்புக்கு மாறிய கணத்தில்தான்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கொரியாவின் நிலாச் சாடி ஒன்று இருக்கிறது. ஜோசன் காலத்து வெண்களிமண் சாடி அது. இரண்டு அரைக்கோளக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து இணைத்து இவ்வகைச் சாடிகளைச் செய்வார்கள். அதனால் நடுவில் மூட்டு மெல்லத் தெரியும், வட்டமும் சற்றுக் கோணலாக இருக்கும். லீச் 1935இல் அதைச் சியோலில் வாங்கினார். பின்னர் அது வியன்னாவிலிருந்து அகதியாக இலண்டனுக்கு வந்த மட்கலைஞர் லூசி ரீயிடம் சென்றது. அவர் மறைவுக்குப் பின் அருங்காட்சியகத்தை அடைந்தது. வாங்கியவர் பெயர், காத்தவர் பெயர், காட்சிக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயர் எல்லாம் பதிவில் உள்ளன. இரு கிண்ணங்களையும் வனைந்து இணைத்தவர் பெயர் மட்டும் இல்லை. அந்தச் சாடியின் கோணலை வியந்து எழுதப்பட்ட பக்கங்கள் ஏராளம்.

இந்தியாவின் நவீன மட்பாண்டக் கலைக்கும் இக்கதையில் நேரடிப் பங்குண்டு. குர்சரண் சிங் நிலவியல் படித்தவர். 1918 அளவில் தில்லியின் மட்பாண்டத் தொழிற்கூடம் ஒன்றில் பணியில் சேர்ந்தார். நீலக் கண்ணாடி மெருகு இடும் பழைய கலையறிந்த பட்டாணியக் குயவர்கள் அங்கே இருந்தனர். அவர்களுள் அப்துல்லா என்பவரிடம் அவர் கற்றார். 1919இல் மேற்பயிற்சிக்காக ஜப்பான் சென்றார். ஹமாதாவும் கவாயும் முன்பு பயின்ற தோக்கியோ உயர் தொழிற்பள்ளியில் பயின்றார். லீச், யனாகி, தொமிமோதோ ஆகியோரின் நட்பு அங்கே வாய்த்தது. கைவினையைத் தொழிற்சாலைக்குத் தாழ்ந்ததாகக் கருதாத ஒரு பார்வையை அந்த வட்டம் அவருக்குத் தந்தது. இந்தியா திரும்பியபின் அவர் ஜப்பானியப் பாண்டங்களின் நகல்களோடு நிற்கவில்லை. 1952இல் தில்லியில் அவர் தொடங்கிய கலைக்கூடம் 'டெல்லி புளூ' என்னும் பெயரால் அறியப்பட்டது. ஜப்பானில் கிடைத்த கண்ணோட்டத்தோடு அவர் திரும்பி வந்து பார்த்தது, புறப்படும் முன்பே தம் அருகில் இருந்த நீலத்தைத்தான்.

குர்சரண் சிங்கின் பயணத்துக்கும் லீச்சின் பயணத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. லீச்சுக்கு இங்கிலாந்தின் மரபு நூல்வழி வந்தது. சிங்குக்குத் தில்லியின் மரபு ஒரு மனிதரின் வழி வந்தது. அதனால்தான் அவர் கதையில் அப்துல்லா என்னும் பெயர் தங்கியிருக்கிறது. நேரில் கற்றவர் ஆசிரியரின் பெயரைச் சொல்கிறார். நூலில் கற்றவர் நூலாசிரியரின் பெயரைச் சொல்கிறார். கற்பவரின் நாணயத்தைப் பொறுத்தது மட்டுமல்ல இது. கல்வி வந்த வழியின் இயல்பையும் பொறுத்தது. எனவே நூல்கள் எழுதப்படும் முறையில்தான் மாற்றம் வேண்டும்.

இன்று இந்திய ஆய்வாளர் ஒருவர் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையின் சாயமெழுதிய பருத்தித் துணிகளைக் காணலாம். ஐரோப்பியச் சந்தைக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பூங்கொடிகள் அவற்றில் உள்ளன. குறிப்பட்டையில் கரையின் பெயர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும், சாயத்தின் வேதியியல்கூட இருக்கும். எழுதிய கைக்கு உரியவர் பெயர் இராது. அத்துணிகளின் படங்களைத் தாங்கிய விலையுயர்ந்த நூல்களைப் பார்த்து இந்திய வடிவமைப்பாளர்கள் புதிய சேலைகளை உருவாக்குகிறார்கள். மாங்காய் புட்டாவின் கதையும் இத்தகையதே: காஷ்மீர் சால்வைகளின் அக்கோலத்தை ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத் தறிகள் நகலெடுத்தன, இன்று இந்தியத் துணிக்கடைகளிலேயே அதன் பெயர் 'பெய்ஸ்லி'.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். கோலமும் வடிவமும் எவருக்கும் தனியுடைமை அல்ல. கொண்டும் கொடுத்துமே கலை வளர்ந்தது. ஒவ்வொரு வளைகோட்டுக்கும் வம்சாவளி கேட்டால் படைப்பு மூச்சுமுட்டிவிடும். இவ்வாதத்தின் முற்பாதி முழு உண்மை. கடன்சொல் இல்லாத மொழி இல்லை; கடன் வாங்குவதால் எந்த மொழியும் கெடுவதில்லை. ஆனால் சொற்பிறப்பியல் கடன் வாங்குவதைத் தடுக்கும் துறை அன்று. எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்கும் துறை. அகராதியில் மூலமொழி குறிக்கப்படுவதால் எவரும் அச்சொல்லைப் பேசத் தயங்குவதில்லை.

இக்குறை கைவினை ஆய்வுக்கு மட்டும் உரியதும் அன்று. கிரியர்சன் மேற்பார்வையில் 1894 முதல் 1928 வரை நடைபெற்ற இந்திய மொழியியல் நில அளவை, கெட்ட குமாரன் உவமைக்கதையைப் பல நூறு பேச்சுவடிவங்களில் பதிவு செய்தது. இன்றளவும் பயன்படும் மாபெரும் பணி அது. ஆனால் அக்கதையைத் தம் மொழியில் சொன்னவர்கள் யார் என்று அத்தொகுதிகளில் தேடுவோருக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். மொழியியல் அந்தப் பழக்கத்திலிருந்து மெல்ல விடுபட்டு வருகிறது. தகவலாளி என்னும் சொல்லே இன்று தயக்கத்தோடு பயன்படுத்தப்படுகிறது. மொழியைத் தந்தவரை அவர் இசைவுடன் இணையாசிரியராகச் சேர்க்கும் கட்டுரைகளும் வருகின்றன. கைவினை ஆவணப்படுத்தலில் ஈடுபடும் துறைகள் இந்த அனுபவத்தை எடுத்துக்கொள்வதற்குத் தடை எதுவும் இல்லை.

சட்டம் இவ்விடத்தில் பாதி வழியே வந்திருக்கிறது. இந்தியாவில் 2003 முதல் நடைமுறையில் உள்ள புவிசார் குறியீட்டுச் சட்டம் ஊரின் பெயரைக் காக்கிறது. குறிப்பிட்ட பொருளைச் செய்த ஆளின் பெயரை அதுவாகப் பொருளோடு சேர்த்துவிடுவதில்லை. எஞ்சிய பாதியைச் செய்ய வேண்டியவர்கள் நூல் எழுதுவோரும் ஆய்வேடு எழுதுவோருமே.

அதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொரு படத்துக்கும் கீழே மூன்று செய்திகளை எழுதினால் போதும். முதலாவது, செய்தவர் பெயர். அவர் விரும்பினால் மட்டும், அவர் சொல்லும் வடிவிலேயே. இரண்டாவது, அப்பொருளுக்கும் அதன் பகுதிகளுக்கும் கருவிகளுக்கும் அவர் வழங்கும் சொற்கள். திகிரி என்று அகராதி சொன்னாலும் அவர் திருவை என்றால் திருவை. மூன்றாவது, வேலையின் வரிசை. எது முதலில், எவ்வளவு ஈரத்தில், எவ்வளவு நேரம். செயின்ட் ஐவ்ஸின் தேநீர் மேசையில் லீச்சும் ஹமாதாவும் தேடியது அந்த மூன்றாவது செய்தியைத்தான்.

பெயர் கிடைக்காத பழம்பொருள்களைப் பொறுத்தவரை எழுதுமுறையில் சிறு திருத்தம் ஒன்று செய்யலாம். 'செய்தவர் அறியப்படாதவர்' என்பதற்குப் பதிலாக 'செய்தவர் பெயர் பதிவு செய்யப்படவில்லை' என்று எழுதலாம். முந்தையது கைவினைஞரின் மேல் ஏற்றிச் சொல்வது. பிந்தையது பதிவு செய்தவரின் விடுபாட்டை ஒப்புக்கொள்வது. ஆய்வேடுகளின் படப்பட்டியலில் இந்த ஒரு தொடர் மாறுவதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவையில்லை. அடுத்து ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் மாணவரே தொடங்கிவைக்கலாம்.